வாத்து நடை

ஜூன் 3

தம்பிக்கு,

இனி போன் வேண்டாம். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் நீள்கிறது, என் குரலைக் கேட்டதும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. நடுவில் உன் மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, "நீதான் ஊட்டி ஊட்டி அவளைப் பீப்பாய் ஆக்கிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாயே, அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது. அவளும் கேட்டாள். எழுதினால் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்ல வந்ததே வேறு. உன் மகள் வாத்துக்கு வலது முட்டி வலிக்கிறதாம். ஒரு மாதமாகவே சொல்கிறாள், நான்தான் காதில் வாங்கவில்லை. பள்ளியில் குண்டு எறிகிற அணியில் சேர்த்திருக்கிறார்கள், புதிதாக ஓட்டமும் பயிற்சியும் ஆரம்பித்திருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். தைலம் தேய்த்தேன். வெந்நீர்ப் பை வைத்தேன். எங்கே வலிக்கிறது என்றால் முட்டிக்கு மேலே, தொடையின் உள்பக்கம் என்று கையைப் பரப்பிக் காட்டுகிறாள். ஒரு இடமாகச் சொல்லத் தெரியவில்லை.

தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். முட்டியை அமுக்கிப் பார்த்தார், முட்டியை எக்ஸ்ரே எடுத்தார். சுத்தமாக இருக்கிறதாம். "வளர்ற வயசு, உடம்பும் கொஞ்சம் கனம், சரியாயிடும்" என்றார். விளையாட்டு டீச்சர் அதற்கு மேல். "ஓடச் சொன்னாதான் இவளுக்கு வலி வரும்" என்று எல்லார் எதிரிலும் சொல்லியிருக்கிறாள்.

எனக்கும் முட்டி வலிதான். ஓட்டல் சலவையறையில் நாள் முழுக்க இஸ்திரி மெஷினின் பெடலை மிதித்து மிதித்து, மாடிப்படி ஏறினால் உள்ளே மணல் அரைக்கிற மாதிரி இருக்கிறது. காலையில் எழுந்தால் கொஞ்ச நேரம் கால் நீளாது, நடந்தால் விட்டுவிடும். நம் வீட்டு முட்டியே இப்படித்தான் போலிருக்கிறது. அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது.

அவள் அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று தெரியவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அக்கா

ஜூன் 12

அக்காவுக்கு,

ஸ்பீக்கரில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாய் என்று எனக்குப் பொறாமை. நான் தூக்க முடியாத தூரத்தில் இருக்கிறேன், அதனால் வாயால் இடிக்கிறேன். இதோடு விடு.

முட்டி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே தொழிற்சாலையில் எல்லாருக்கும் ஒரு முட்டிக் கதை உண்டு. என் அறையில் இருக்கும் தையல்காரன் படியில் திரும்பும்போது முட்டி டக்கென்று பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. சூப்பர்வைசருக்கு ஒரே நாளில் சிவந்து வீங்கி, பேன்ட் துணி பட்டாலே கத்தினார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்றார்கள். பேக்கிங்கில் இருப்பவர் சூடாக வீங்கிய முட்டியோடும் குளிர்காய்ச்சலோடும் வேலைக்கு வந்தார். மூட்டுக்குள் சீழ். அன்றைக்கே அறுத்துக் கழுவினார்கள், ஒரு நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார்களாம்.

அதனால் கேட்கிறேன். வாத்துக்கு வீக்கம் உண்டா? தொட்டால் சுடுகிறதா? காய்ச்சல் வந்ததா? விழுந்தாளா? நடக்கும்போது மடங்கி விடுகிறதா, பூட்டிக்கொள்கிறதா? இதெல்லாம் இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை, நடையில்தான் கோளாறு. அவளுடைய பழைய ஷூ இரண்டையும் பார்சலில் அனுப்பு. துடைக்காதே, கழுவாதே, அப்படியே அனுப்பு.

என் வேலை என்ன என்று நீ யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை, ஷூ கம்பெனியில் இருக்கிறான் என்பாய். வாங்கியவர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் ஷூக்கள் என் மேஜைக்குத்தான் வரும். அடியைத் திருப்பிப் பார்த்தால் போட்டவர் எப்படி நின்றார், எந்தக் காலில் பாரம் போட்டார் என்று சொல்லிவிடுவேன். டாக்டர் சொல்லாததை ஷூ சொல்லும்.

அந்த டீச்சரின் ஷூவையும் அனுப்ப முடிந்தால் அனுப்பு. அவள் யார் மேல் ஏறி மிதிக்கிறாள் என்று பார்க்கிறேன்.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

ஷூவை அனுப்பியிருக்கிறேன். துடைக்கவில்லை, நாறினால் அது உன் தலையெழுத்து. டீச்சர் ஷூ கிடைக்காது, அவள் எங்கே போனாலும் போட்டுக்கொண்டே போகிறாள்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை என்பதுதான். வீக்கம் இல்லை, சூடு இல்லை, காய்ச்சல் இல்லை. விழவில்லை. பூட்டிக்கொள்ளவும் இல்லை. காலையில் நன்றாகத்தான் போகிறாள், பள்ளி விட்டு வரும்போது காலை இழுத்துக்கொண்டு வருகிறாள். முட்டியை நான் அமுக்கினால் சிரிக்கிறாள், கூச்சமாக இருக்கிறதாம். சாக்ஸ் போட உட்கார்ந்தால் மட்டும் வலது கால் நேராக மேலே வராது, தானாக வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டு போகிறது. "நேரா மடக்கேண்டி" என்றால், "அது அப்படித்தான் அத்தை வருது, நான் ஒண்ணும் பண்ணல" என்கிறாள்.

நடக்கும்போதும் வலது பாதம் வெளியே பார்க்கிறது. ஆனால் அது புதிதா என்ன? தத்தித் தத்தி நடந்த வயதில் இரண்டு பாதமும் வெளியே பார்க்க ஆடி ஆடி வந்ததற்குத்தானே நீ வாத்து என்று பெயர் வைத்தாய். போன வாரம் மேல்மாடிக்காரர், "என்ன, உங்க வாத்து மறுபடியும் வாத்தாயிடுச்சு" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

இன்னொரு வேடிக்கை. பள்ளிப் பேன்ட்டில் வலது கால் விளிம்பு மட்டும் தரையில் தேய்ந்து நைந்திருக்கிறது, இடது விளிம்பு புதிதாக இருக்கிறது. கம்பெனித் தையலின் லட்சணம். அந்தக் கம்பெனி என்னுடையதாக இருந்தால் தைத்தவனைக் கூப்பிட்டு இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக் காட்டியிருப்பேன். வலது காலை ஒரு விரல் அகலம் மடித்துத் தைத்துவிட்டேன். இப்போது இரண்டும் சமமாக நிற்கிறது.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

பார்சலைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. வலது குதிகாலின் வெளி ஓரம் கரைந்தே போயிருக்கிறது. முன்பாதத்தின் உள் ஓரம் வழுவழுவென்று ஆகியிருக்கிறது. இடது ஷூவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பாதத்தை வெளியே திருப்பி வைத்து, காலை இழுத்து நடக்கிறாள். அப்படி நடந்தால் முட்டி வலிக்காமல் என்ன செய்யும்?

இத்துடன் புது ஷூ. உள்ளே, பாதத்துக்கு அடியில், நானே கையால் செதுக்கிய அட்டை. வலது கால் கொஞ்சம் தாழ்ந்து விழுகிறது, அதனால் அந்தக் குதிகாலை உயர்த்தியிருக்கிறேன், வெளி ஓரத்தில் சாய்வு கொடுத்திருக்கிறேன். இதைப் போட்டால் பாதம் நேராக வந்தே தீரும். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தேன். தையல்காரன் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேர்த்தியா கம்பெனிக்கு ஒரு நாள் செஞ்சிருக்கியா?" என்றான். இல்லை என்றேன்.

அப்பா செய்தது என்று அவளிடம் சொல். பீப்பாய் என்று சொன்னதற்கு இது என்று நீ சொல்ல வேண்டாம், அவளே புரிந்துகொள்வாள்.

தம்பி

ஜூலை 17

தம்பிக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். இதை எழுதி வைத்துக்கொள், இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்.

ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினாள். நேராக இருந்தது. வாத்து காணாமல் போய்விட்டது. "வலிக்குதாடி?" என்றேன். "இல்ல அத்தை. போயிடுச்சு" என்றாள். ஷூ வந்த பெட்டியைத் தூக்கிப் போட விடவில்லை, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள், படித்தேன். டீச்சரின் ஷூ பற்றி நீ எழுதிய முந்தின கடிதத்தையும் கேட்டாள். அவள் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

மறுபடியும் பயிற்சிக்குப் போகிறாள். மாடிப்படியில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுகிறாள். "என்னைப் பார்த்துக் கிண்டல் பண்றியா?" என்று கேட்டேன். என் லட்சணம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. இடது முட்டி ஒரு வாரமாக வீங்கிப் போய், பின்பக்கம் ஏதோ உருண்டையாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் மடங்கவில்லை. சலவையறையில் ஸ்டூல் கேட்டேன், ஸ்டூல் போட்டால் பெடல் எட்டாது என்றார்கள். போகட்டும். எத்தனையோ பேர் இப்படித்தான் வண்டியை ஓட்டுகிறார்கள்.

அக்கா

ஜூலை 26

அக்காவுக்கு,

அவள் நேராக நடந்தாள் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தையல்காரனுக்குக் காட்டினேன். சூப்பர்வைசருக்கும் காட்டினேன், அவருக்கு நம் மொழி படிக்க வராது என்றாலும்.

இப்போது உன்னிடம் வருகிறேன். எனக்கு ஷூ தைக்கத் தெரியும், உன் முட்டியைத் தைக்கத் தெரியாது. வீங்கி, மடங்காமல் இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதே. தெருமுனை ஆளிடம் போகாதே, பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டு. சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலையே ஊன்ற முடியாமல் போனாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ வரிசை நம்பர் எல்லாம் வாங்காதே, நேரே அவசரப் பிரிவுக்குப் போ. பேக்கிங்கில் இருப்பவரை நான் கண்ணால் பார்த்தவன். வாத்தையும் துணைக்குக் கூட்டிப் போ, நீ தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவாய்.

அவளுக்கு நீ மட்டும்தான் இருக்கிறாய். எனக்கும்தான்.

தம்பி

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

நீ திருப்பிக் கூப்பிட்டபோது போனில் நான் அழுததில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. இப்போது அவள் தூங்குகிறாள். வார்டில் எதிர்க் கட்டிலில் ஒரு அம்மாள் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறாள். முதலிலிருந்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடி என் முட்டியைக் காட்டத்தான் போனேன். முந்தின நாள் பெய்த மழையில் அவள் ஷூ நனைந்து போயிருந்தது. உன் ஷூவை ஈரத்தோடு போட்டால் கெட்டுவிடும் என்று ஜன்னலோரம் காயவைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு வந்தாள். டாக்டரம்மா என் பெயரைக் கூப்பிட்டார். நான் நொண்டிக்கொண்டு முன்னால் போனேன், அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"இந்தப் பொண்ணு எத்தனை நாளா இப்படி நடக்கறா?"

"அவ சின்ன வயசிலேர்ந்தே வாத்து மாதிரிதான்" என்றேன்.

"சின்ன வயசிலேர்ந்து ஒரு கால் மட்டுமா?"

தம்பி, அந்தக் கேள்வியை நாம் இரண்டு பேரும் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா? அப்போது இரண்டு பாதம், இப்போது ஒரு பாதம்.

அவளைப் படுக்கவைத்து முட்டியை மடக்கி மார்புப் பக்கம் தள்ளினார். கால் நேராக வரவில்லை, சாக்ஸ் போடும்போது போகிற மாதிரியே வெளிப்பக்கம் போனது. முட்டியை அவர் தொட்டது அவ்வளவுதான். "கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஒரு அடிகூட நடக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியைக் கொண்டு வரச் சொன்னார். "முட்டிதானே டாக்டர்?" என்றேன். "முட்டியில ஒண்ணுமே இல்லம்மா. கோளாறு இடுப்பில" என்றார்.

தொடை எலும்பின் மேல்முனையில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறதாம். வளர்கிற வயதில் அந்தத் தலைக்குக் கீழே குருத்தெலும்பு மெத்தென்று இருக்குமாம். சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக உடம்பு கனமாக இருந்தால், அந்த இடத்தில் எலும்பு மெதுவாக வழுக்கிவிடுமாம். அதனால் கால் குட்டையாகும், பாதம் வெளியே திரும்பும். இடுப்புக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பு போவதால் வலி முட்டியில் தெரியுமாம். முட்டியை எத்தனை எக்ஸ்ரே எடுத்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும்.

அன்று மாலையே ஆபரேஷன். ஒரு திருகாணி போட்டு, வழுக்கின இடத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று தடவை உனக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள் என்று தெரியும், ஆனாலும் செய்தேன். கையெழுத்தை நானே போட்டேன்.

திடீரென்று முழுதாக வழுக்கியிருந்தால் அந்த எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டமே போயிருக்குமாம். குண்டு எறியும்போது எந்த நாளும் அது நடந்திருக்கலாம். நடக்கவில்லை. டாக்டரம்மா, "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். நான் வந்தது என் முட்டிக்காக என்று அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

லீவு கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல்தான் விடுவார்களாம். சண்டை போட்டுப் பார்த்தேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர், அவர் கையில் இல்லை.

மேஜையில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கால் குட்டையாகிவிட்டது என்று அந்தப் பழைய ஷூ என்னிடம் சொல்லியிருக்கிறது. நான் என்ன செய்தேன்? ஏன் குட்டையானது என்று கேட்காமல் குதிகாலை உயர்த்தினேன். நீ பேன்ட்டை மடித்தாய். நீ அங்கே, நான் இங்கே, இரண்டு பேரும் தொழில் தெரிந்தவர்கள், சேர்ந்து அவள் நொண்டலைப் பூசி மெழுகிவிட்டோம். தொழில் தெரியாத அப்பனாக இருந்திருந்தால், பிள்ளை நொண்டுகிறாளே என்று அன்றே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். மழை பெய்யாமல் இருந்திருந்தால்? அவள் என் ஷூவைப் போட்டுக்கொண்டு அந்த டாக்டர் முன்னால் நேராக நடந்து போயிருந்தால்?

அந்த ஷூவைக் கொளுத்திவிடு. அவள் கண்ணில் படாமல் செய்.

ஒன்றே ஒன்று எனக்கு விளங்கவில்லை. ஷூ போட்டதும் வலி போய்விட்டது என்றாளே, எப்படிப் போனது? எலும்பு வழுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு அட்டைத் துண்டால் எப்படிப் போகும்? டாக்டரிடம் கேள்.

உன் முட்டி என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

என் முட்டியில் தேய்மானம். உள்ளே நீர் கோத்திருந்தது, ஊசியால் எடுத்தார்கள். தொடைக்குப் பலம் வர ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், வாத்துதான் என் விளையாட்டு டீச்சர். "ஓடச் சொன்னாதான் உங்களுக்கு வலி வரும்" என்கிறாள். சலவையறையில் டாக்டரின் சீட்டைக் காட்டினேன், பெடல் இல்லாத மடிப்பு மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு ஊன்றுகோல், வலது காலை ஊன்றக் கூடாது. ஊன்றுகோலோடு அவள் வருகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. மேல்மாடிக்காரர் வந்து பார்த்தார், வாத்து என்று கூப்பிடவில்லை. பேன்ட்டில் நான் போட்ட தையலைப் பிரித்துவிட்டேன். தொங்கினால் தொங்கட்டும், எனக்குத் தெரிய வேண்டும்.

ஷூவைக் கொளுத்தவில்லை. விடமாட்டேன் என்கிறாள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அதை டாக்டரிடம் கேட்கவில்லை. அவளிடம் கேட்டேன். ஊன்றுகோலின் அடி ரப்பரைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"புது ஷூ போட்டதும் வலி போச்சுன்னியே, நெசமாவே போச்சாடி?"

"போகல அத்தை. ஜாஸ்தியாத்தான் ஆச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

ரப்பரைக் கழற்றி மறுபடியும் மாட்டினாள். "ஷூ வந்தப்புறம்தானே நீங்களும் அப்பாவும் சண்டை போடாம இருந்தீங்க. லெட்டர் படிச்சு சிரிச்சீங்க. வலிக்குதுன்னு சொன்னா, 'நீ சாப்பாடு போட்டதாலதான்'னு அப்பா உங்ககிட்ட சொல்லுவாங்க, 'நீ செஞ்ச ஷூவாலதான்'னு நீங்க அப்பாகிட்ட சொல்லுவீங்க."

வலியோடு கூடத்தில் நேராக நடந்து காட்டியிருக்கிறாள். நமக்காக. நான் எழுந்து போய்க் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் எதற்கு அங்கே போவாள் என்று இப்போதுதான் புரிந்தது.

இன்னும் முடியவில்லை, தம்பி. இடது இடுப்பிலும் இதே மாதிரி வழுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வளர்ந்து முடிகிற வரைக்கும் கண்காணிக்க வேண்டுமாம். இடுப்பில், தொடையில், முட்டியில் எங்கே வலித்தாலும், கொஞ்சம் நொண்டினாலும் அன்றைக்கே வரவேண்டும் என்றார். அது அவள் வாயைத் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். எக்ஸ்ரேயும் ஷூவும் அதற்கு அப்புறம்தான்.

நீ வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய். கடிதமெல்லாம் போதும். அவள்தான் எடுப்பாள். வலிக்கிறதா என்று கேள். வலிக்கிறது என்று அவள் சொன்னால், யாரால் என்று கேட்காதே. எங்கே என்று மட்டும் கேள்.

அக்கா